கூடாரமா, லாட்ஜா? நமீபியா, போட்ஸ்வானா சஃபாரி: ஒரு விவாத இழை

கேள்வி, 4 மே 2024

நமீபியா, போட்ஸ்வானா இரண்டும் சேர்த்து ஒரு கேம்பிங் சஃபாரி போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், மனைவி, அப்பா. அப்பாவுக்கு 64. ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் வேலியே இல்லாத முகாம்களில் டென்டில் தூங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. லாட்ஜில் தங்கினாலும் அதே சிங்கம், அதே யானைதானே? காசும் கொடுத்துத் தரையில் ஏன் படுக்க வேண்டும்? போய் வந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். அடுத்த வருடம் மே மாதம் போக உத்தேசம்.

4 மே 2024, இரவு

போய் வந்தவன் சொல்கிறேன். நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் வண்டி ஏறி, நமீப் பாலைவனம், கடலோர ஊர் ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா தேசியப் பூங்கா, அப்புறம் கிழக்கே திரும்பிப் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா (ஆறு விரிந்து பரவும் ஈரநிலம்), மோரெமி காப்பகம், அதை ஒட்டிய குவை, கடைசியாக சோபே ஆற்றங்கரையில் காசானே. வழி முழுக்க டென்ட்தான்.

அதே சிங்கம் என்பது சரி. ஆனால் அந்தச் சிங்கம் பகலில் பார்க்கும் வேலை தூக்கம். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும் பிராணி அது. ஜீப்பில் போய்ப் பார்த்தால் ஒரு புதர் நிழல், நிழலுக்குள் ஏறி இறங்கும் நாலு வயிறு. அவ்வளவுதான் பல நாள் கிடைக்கும். அதன் வேலை நேரம் இருட்டின பிறகு. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் டென்டுக்கும் சுவர் வைத்த அறைக்கும் உள்ள வித்தியாசம். நான் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். அதற்காகவே மறுபடியும் டென்டில்தான் படுப்பேன்.

இன்னொன்று. டெல்டாவுக்கு உள்ளே இருக்கும் விலை உயர்ந்த லாட்ஜ்களுக்கும் பெரும்பாலும் வேலி கிடையாது. அங்கேயும் அறை என்பது மேடைமேல் போட்ட பெரிய கான்வாஸ் கூடாரம்தான். இருட்டினால் பணியாளர் கூட வராமல் அறைக்குப் போக விடமாட்டார்கள். ஆகவே பயம்தான் காரணம் என்றால் லாட்ஜுக்கு மாறுவதால் அது பெரிதாகக் குறையாது.

5 மே 2024

பாதுகாப்பு பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

மூடிய டென்டை சிங்கமும் யானையும் ஒரு பாறை மாதிரிதான் எடுத்துக்கொள்கின்றன, சுற்றிப் போய்விடும். ஆனால் ஜிப் கடைசிப் பல் வரை மூடியிருக்க வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று திறந்துபோட்டுத் தூங்கியவர்களைக் கழுதைப்புலி கடித்த சம்பவங்கள் அந்தப் பக்கம் நடந்திருக்கின்றன. உள்ளே தின்பண்டம் எதுவும் கூடாது, முக்கியமாக ஆரஞ்சு. யானைக்கு அந்த வாசனை எட்டிவிட்டால் டென்டையே பிரித்துவிடும். செருப்பு, ஷூ எல்லாம் உள்ளே. வெளியில் விட்டால் கழுதைப்புலி தோலுக்காகத் தூக்கிக்கொண்டு போகும். ராத்திரி அவசரம் வந்தால் முதலில் தலையை மட்டும் நீட்டி, டார்ச்சை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, மின்னும் கண் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அவசரம் காத்திருக்கும். சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

குவையில் ஒரு ராத்திரி யானை வந்தது. காலடிச் சத்தமே கிடையாது, அதன் பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை இருக்கிறது. கேட்டது முதலில் வயிற்று உறுமல். பிறகு டென்டுக்கு மேலே நின்ற முள்மரத்தை நெற்றியால் முட்டி உலுக்கியது. நெற்றுகள் டென்ட் துணிமேல் பொலபொலவென்று கொட்டின. அப்புறம் ஒவ்வொன்றாகத் தும்பிக்கையால் பொறுக்கி மெல்லும் சத்தம். துணிக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்கிறது, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ரொம்ப நேரம் அப்படி. காலையில் பார்த்தால் டென்டைக் கட்டியிருந்த கயிறு ஒன்றைக்கூட அது மிதிக்கவில்லை. அந்த இருட்டில் அத்தனை கயிற்றுக்கும் நடுவில் அது எப்படிக் கால் வைத்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

11 மே 2024

குளிர். இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகிறார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். கலகாரிப் பாலைவனத்தில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். விடியற்காலையில் பக்கம் திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அடிக்கும்போது கை விரல் மரத்துவிடும். கம்பளி, கையுறை, குரங்குக் குல்லா வேண்டும். அப்பாவின் மார்கழி மாதக் குல்லா இருக்குமே, அதை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்லீப்பிங் பேக் நிறுவனம் கொடுப்பதா, நாம் கொண்டுபோவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அதே நாளில் அரைக்கைச் சட்டை போதும்.

12 மே 2024

மே மாதம் ஏன் என்று யோசித்தேன். பள்ளி விடுமுறைக் கணக்கு. ஆனால் இந்தத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே இல்லை, பிறகென்ன. அப்படியே விடுமுறைதான் பார்க்க வேண்டும் என்றாலும் செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வருகிறதே, அங்கே அதுதான் உச்சகட்ட வறட்சிப் பருவம். மே மாதத்தில் மழை முடிந்த பச்சை இன்னும் இருக்கும், காட்டுக்குள் குட்டைகளில் தண்ணீர் இருக்கும், விலங்குகள் சிதறிக் கிடக்கும். செப்டம்பரில் குட்டைகள் வற்றி, இருக்கிற நீர்நிலையைத் தேடி எல்லாமே வந்தாக வேண்டும். எட்டோஷாவுக்கு இது ரொம்பப் பொருந்தும். அக்டோபர் வந்துவிட்டால் வெயில் தாங்காது. மலேரியாவும் நவம்பர் முதல் ஜூன் வரை கூடுதல், ஒகவாங்கோவும் சோபேயும் அந்தப் பட்டியலில் உண்டு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அப்பாவுக்கு வேறு மருந்துகள் இருந்தால் இன்னும் கவனம்.

19 மே 2024

"பாலைவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது, அந்த நாட்களைக் கழித்துவிட்டு நேராக எட்டோஷா போகலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். தயவுசெய்து கழிக்காதீர்கள்.

நமீப் பாலைவனத்தில் உயரமான மணல்மேடுகள் நிற்கும் இடம் சோசஸ்வ்லே, அங்கே போகும் வாசல் செஸ்ரியம். வாசலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் படுத்தவர்களுக்கு உள்வாசல் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கும். வெளியே எவ்வளவு வசதியான லாட்ஜில் தங்கினாலும் சூரியன் வந்த பிறகுதான் அனுமதி. உள்ளே இன்னும் அறுபது கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் முழு வித்தியாசமும். மேலே டென்டா லாட்ஜா என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

செஸ்ரியத்திலிருந்து 45 கிலோமீட்டரில் ஒரு மணல்மேடு, பெயரும் டியூன் 45. விடிவதற்கு முன் மணல் பாதத்தில் ஜில்லென்று இருக்கும். முகட்டின் விளிம்பிலேயே, முன்னால் போனவரின் தடத்தில் கால் வைத்து ஏற வேண்டும், இல்லையென்றால் ஒரு அடி ஏறினால் அரை அடி சரியும். வெளிச்சம் வந்ததும் மேட்டின் ஒரு பக்கம் செம்பு நிறம், மறு பக்கம் கறுப்பு, நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு.

அதற்கு அப்புறம் டெட்வ்லே. ஒரு காலத்தில் ட்சவுசாப் ஆறு வெள்ளம் கொண்டுவந்த இடம். மணல்மேடுகள் குறுக்கே வந்து வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் நின்றது, முள்மரங்கள் செத்தன. செத்து அறுநூறு எழுநூறு வருடம் ஆகிறது என்கிறார்கள். மக்குவதற்குக்கூடக் காற்றில் ஈரம் வேண்டும், அதுவும் இல்லாததால் இன்னும் அப்படியே நிற்கின்றன. வெயில் சுட்டுக் கறுப்பாகிவிட்டது. கீழே வெள்ளைக் களிமண், பாளம் பாளமாக வெடித்தது. தயவுசெய்து அந்த மரங்களில் சாயாதீர்கள், ஏறாதீர்கள். நான் இருந்தபோதே போட்டோவுக்காக ஒருவர் கிளையில் கால் வைத்தார். எங்கள் வழிகாட்டி சத்தம் போடாமல் கிட்டே போய் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

கடைசி நாலைந்து கிலோமீட்டர் பொலபொல மணல், நாலு சக்கர இழுவை இல்லாத வண்டி புதையும். வழிகாட்டியோடு போனால் இது உங்கள் தலைவலி இல்லை.

20 மே 2024

நேற்று எழுதாமல் விட்டது: ஸ்வாகோப்முண்ட் பக்கத்து மணலில் ஒரு காலை. கடலில் பெங்குவேலா குளிர் நீரோட்டம் போவதால் மழைக்குப் பதில் பனிமூட்டம் வருகிறது, பாலைவனமே அதைக் குடித்துத்தான் பிழைக்கிறது. அங்கே ஒரு கறுப்பு வண்டு இருக்கிறது. மூட்டம் வரும் காலையில் முகட்டில் ஏறி, காற்றுக்கு எதிரே நின்று, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தும். முதுகில் சேரும் துளிகள் உருண்டு வாய்க்கே வரும்.

வழிகாட்டி திடீரென்று மண்டியிட்டு ஒரு குச்சியால் மணலில் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் மணல்தான். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்த பிறகு இரண்டு புள்ளிகள் தெரிந்தன. பெரிங்கே விரியன். உடம்பு முழுக்க மணலுக்குள், கண் மட்டும் வெளியே. மற்ற பாம்புக்குக் கண் பக்கவாட்டில் இருந்தால் இதற்கு உச்சந்தலையில். நாங்கள் பார்த்தது இரண்டு மிளகு அளவுக் கண். அவர் பார்த்தது அதற்குப் பின்னால் காற்று இன்னும் அழிக்காத சாய்ந்த கோடுகள், அதாவது அது வந்த தடம். கண்ணை அவர் தேடவே இல்லை, கோடு எங்கே முடிகிறது என்று தேடினார்.

25 மே 2024

நமீபியாவில் வறட்சிக்காக இந்த வாரம் அவசரநிலை அறிவித்துவிட்டார்கள். போன மாதமே போட்ஸ்வானாவில் மவுன் ஊர்ப் பக்கம் தமலகானே ஆற்றுப் படுகையில் நீர்யானைகள் சேற்றில் சிக்கிக் கிடந்த செய்தி வந்தது. பயணம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். தண்ணீரைச் சிக்கனமாகப் பிடியுங்கள். முகாமில் ஷவர் இருக்கிறது என்பதற்காக அரைமணி நேரம் நிற்காதீர்கள்.

2 ஜூன் 2024

ஒகவாங்கோ பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டாயிற்று. இது நீளும்.

அங்கோலா மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் மழை. குபாங்கோ, குயிட்டோ என்று இரண்டு ஆறுகளில் வந்து ஒன்றாகி, ஒகவாங்கோ என்ற பெயரில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. கடலைப் பார்த்து ஓடாமல் கலகாரி மணலுக்குள் விரிந்துவிடுகிறது. நிலம் கிட்டத்தட்டச் சமதளம் என்பதால் தண்ணீர் நடந்துதான் வரும். டெல்டாவைக் கடந்து மவுன் ஊருக்கு வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். அந்த நேரத்தில் போட்ஸ்வானாவில் ஒரு துளி மழை கிடையாது. அதாவது வெயில் காய்ந்து, புல் பொசுங்கி, எல்லாம் தாகத்தில் நிற்கிற மாதத்தில் வெள்ளம் வருகிறது. அங்கே இத்தனை விலங்குகள் இருப்பதற்கு இந்த ஒரே ஒரு முறைமாற்றம்தான் காரணம். 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக இதைச் சேர்த்தது.

வந்த தண்ணீரில் பெரும் பகுதி ஆவியாகவும் இலை வழியாகவும் மேலே போய்விடுகிறது. அப்படியானால் உப்பு எங்கே போகிறது? சாக்கடல் மாதிரி ஆகியிருக்க வேண்டுமே? இதை வழிகாட்டியிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் மறுநாள் ஒரு தீவுக்குக் கூட்டிப் போனார். கரை ஓரம் பெரிய அத்தி மரங்கள். உள்ளே போகப் போகப் பனைமாதிரி மரங்கள். அதற்கும் உள்ளே புல். நட்டநடுவில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாகப் பூத்த தரை. விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். உவர். கரையில் நிற்கும் மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதில் கரைந்த உப்பு தீவின் நடுவில் நிலத்தடியில் சேர்கிறது. சுற்றியிருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான தீவுகள் இந்த வேலையைச் செய்கின்றன.

அந்தத் தீவு எப்படி வந்தது என்பது இன்னும் அழகு. முதலில் ஒரு கரையான் புற்று. வெள்ளம் வரும்போது அது மட்டும் தலை தூக்கி நிற்கும். அதில் பறவை உட்காரும், எச்சத்தில் அத்தி விதை, ஒரு மரம். மரத்தடியில் உப்பும் மண்ணும் படிந்து நிலம் மெல்ல உயரும். கால்வாயைத் திறந்து வைத்திருப்பது யார்? நீர்யானை. தினமும் அதே வழியில் நடந்து பாப்பிரஸ் கோரையை மிதித்து ஒதுக்கி வைத்திருக்கிறது. நம்மால் படகில் போக முடிவது அது போட்ட பாதையில்.

யானையையும் சிங்கத்தையும் பார்க்கப் போனவன் நான். திரும்பும்போது கரையான் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

3 ஜூன் 2024

மொகோரோ படகு பற்றி விட்டுப்போயிற்று. நின்றபடி நீளக் கழியால் ஊன்றித் தள்ளும் ஒடிசலான படகு. முன்பு முழு மரத்தைக் குடைந்து செய்தார்கள், மரங்களைக் காக்க இப்போது பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். உட்கார்ந்தால் கண் மட்டம் அல்லித் தண்டுகளின் மட்டத்தில் இருக்கும். கோரையில் நகம் அளவுத் தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. தள்ளுபவர் கழியை நிறுத்தியதும் தண்ணீருக்குள் பார்த்தேன், அடியில் மணல் வரை தெளிவு. நீர்யானை இருக்கும் ஆழமான இடத்தை அவர் சுற்றிக்கொண்டு போனார். அந்தச் சுற்றுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

வெள்ளம் குறைந்த வருடத்தில் மொகோரோ போகும் இடம் மாறும். இந்த வருடம் அப்படித்தான் கேள்வி.

16 ஜூன் 2024

சாப்பாடு. அப்பா சைவம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்!

கவலை வேண்டாம், ஆனால் முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். அங்கே வந்து சொன்னால் சமையல்காரருக்குக் கடை கிடையாது, ஊர் வர இருநூறு கிலோமீட்டர். மூன்று கால் இரும்புப் பானையில் கரியடுப்பில் வேகும் பொட்ஜி, காய்கறி மட்டும் போட்டும் செய்வார்கள், பூசணி, பீன்ஸ், கேரட் எல்லாம் அடுக்கடுக்காக. கிளறாமல் வேகவிடுவதுதான் அதன் முறை. மக்காச்சோளக் களி உண்டு, பாப் என்பார்கள், காரமான சகலகா தொக்கோடு தின்றால் இறங்கும். பூசணியையும் சர்க்கரைவள்ளியையும் அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் போடுவார்கள். ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுபோனால் சமையல்காரரோடு நட்பு நிச்சயம். என் இட்லிப் பொடி பாதி அவருக்குத்தான் போனது.

போட்ஸ்வானாவில் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தி, ஷூவை மருந்துத் தண்ணீரில் மிதிக்கச் சொல்வார்கள். பச்சை இறைச்சி இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். முகம் சுளிக்க வேண்டாம், கோமாரி காட்டெருமையிலிருந்து மாட்டுக்குப் போகாமல் காக்கும் ஏற்பாடு அது. மாடுதான் அங்கே குடும்பத்தின் சொத்து.

பெரிய ட்ரக்கில் கூட்டமாகப் போகும் பயணத்தில் பாத்திரம் கழுவுவது பயணிகளின் முறைவேலை. கழுவியதைத் துணியால் துடைக்கக் கூடாது, கையில் பிடித்துக் காற்றில் வீசி வீசியே உலர்த்த வேண்டும், ஈரத்துணியில் கிருமி பரவும் என்பதால். இருட்டும் நேரம் இருபது பேர் வட்டமாக நின்று தட்டு வீசும் காட்சியை உங்கள் அப்பா ரசிப்பார்.

17 ஜூன் 2024

பிளக்: அங்கே சுவரில் இருப்பது பெரும்பாலும் நம்மூர் 15 ஆம்ப் மூன்று முள் பிளக் போகும் பெரிய துளைகள். வீட்டில் கீசருக்கு இருப்பது. அந்த அடாப்டரை இங்கேயே வாங்கிப் போங்கள். காட்டு முகாமில் சுவரே கிடையாது, வண்டியில்தான் சார்ஜ்.

30 ஜூன் 2024

"நமீபியாவில் ரோடு நன்றாக இருக்கிறது, இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், நாமே கார் எடுத்து ஓட்டினால் பாதிச் செலவு" என்று மேலே ஒருவர் எழுதியது நியாயமான கருத்து. எட்டோஷாவுக்கு அது சரிதான். உள்ளே சாலை இருக்கிறது, ஒகாகுயோ, ஹலாலி, நமுடோனி முகாம்கள் வேலி போட்டவை, ஒகாகுயோவில் விளக்குப் போட்ட நீர்நிலை இருக்கிறது. கட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். நான் இருந்தபோது கருப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது, எதிர்ப்பக்கம் இன்னொன்று. தனியாகவே திரியும் விலங்கு என்று படித்திருந்தேன். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து உறுமிக்கொண்டு கால்மணி நேரம் நின்றன. இதற்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை, பேசாமல் உட்காரும் பொறுமை மட்டும் போதும்.

ஆனால் அதையே மோரெமிக்கும், நமீபியாவின் வடமேற்கில் இருக்கும் டமாராலாண்டுக்கும் நீட்டாதீர்கள். மோரெமியில் மணல் பாதை, மரப்பாலம், வெள்ளத்தில் மூழ்கிய குறுக்கு வழி. டமாராலாண்டில் பாலைவன யானைகள் வற்றிய ஆற்றுப் படுகையில் திரியும், அவற்றின் வழியை மறித்து வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் பணம் கொடுப்பது டென்டுக்கு இல்லை, வண்டிக்கும் இல்லை, ஆளுக்கு. குவையில் காலையில் எங்கள் வழிகாட்டி டீக் கோப்பையோடு முகாமைச் சுற்றி நடப்பார், தரையைப் பார்த்துக்கொண்டே. ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். வட்டத் தடம், நகம் பதியவில்லை, பின் மெத்தையில் மூன்று மடிப்பு: சிங்கம். பக்கத்தில் நகம் பதிந்த தடம்: கழுதைப்புலி. எது முதலில் வந்தது? கழுதைப்புலித் தடத்தின் மேல் சிங்கத்தின் தடம் ஏறியிருந்தது. சிங்கத் தடத்தின் விளிம்பில் ஒரு சின்ன வண்டு நடந்த கோடு, வண்டு ராத்திரி நடமாடும் இனம், ஆக சிங்கம் விடியலுக்கு நல்ல நேரம் முன்பே போய்விட்டது. "இனி அவசரமில்லை, டீயைக் குடியுங்கள்" என்றார். அரைமணி கழித்துக் காட்டுக்கோழிகள் கத்தின திசைக்கு வண்டியை விட்டார். அங்கே சிங்கங்கள் படுத்திருந்தன.

1 ஜூலை 2024

சிவிங்கிப்புலி எட்டோஷாவில் நிச்சயம் பார்க்கலாமா? நிச்சயமில்லை. நமீபியாவில் அது பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே பண்ணை நிலங்களில் வாழ்கிறது, உள்ளே சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கிக்கொள்ளும். 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்கு வந்த எட்டும் நமீபியாவிலிருந்து வந்தவைதான். ஆடு மாடு வளர்க்கும் பண்ணைக்காரர் பொறுத்துக்கொள்வதால்தான் அந்த நாட்டில் இத்தனை மிஞ்சியிருக்கிறது.

14 ஜூலை 2024

அப்பாவின் முதுகு. நமீபியாவின் சரளைச் சாலைகள் தகரக்கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், மணிக்கணக்கில் வண்டி உதறும். ஓட்டுநர்கள் இதை "ஆப்பிரிக்க மசாஜ், இலவசம்" என்பார்கள். முதுகுவலி உள்ளவருக்கு ட்ரக்கின் முன்பாதி இருக்கை கேளுங்கள், பின்பாதியில் தூக்கிப் போடும். தரையில் மெத்தை போட்டுப் படுத்து எழுவது முட்டி வலிக்காரருக்குச் சிரமம். போட்ஸ்வானா பகுதிக்குச் சின்னக் குழு, பணியாளர்களே டென்ட் அடித்துக் கட்டில் போட்டுத் தரும் நடமாடும் சஃபாரி உண்டு. விலை கூடும். ஆனால் 64 வயதில் அந்த விலை கொடுக்கத் தகும். நமீபியாவுக்கு ட்ரக், போட்ஸ்வானாவுக்கு இது என்று கலந்து போவது என் யோசனை.

நான் போன நிறுவனம் ஒன்று செஸ்ரியத்தில் வாசலுக்கு உள்ளே இடம் என்று சொல்லிவிட்டு வெளியே தங்கவைத்தது. கேட்டதற்கு "உள்ளே நிரம்பிவிட்டது" என்றார்கள். மறுநாள் எங்களில் சிலர் சண்டை போட்டு உள்ளே மாறினோம். அதனால்தான் வாசல் விஷயத்தில் இத்தனை அழுத்துகிறேன்.

1 செப்டம்பர் 2024

இதை எழுத மனசு ஒப்பவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. வறட்சியில் பசிக்கும் மக்களுக்கு இறைச்சி கொடுக்க 723 காட்டு விலங்குகளைக் கொல்லப் போவதாக நமீபிய அரசு அறிவித்திருக்கிறது. 83 யானை, 300 வரிக்குதிரை, 30 நீர்யானை, 60 காட்டெருமை, 50 இம்பாலா மான், மிச்சம் நீல வில்டபீஸ்ட், ஈலண்ட் என்ற பெரிய மான் வகைகள் நூறு நூறு. ஏற்கெனவே நூற்றைம்பதுக்கு மேல் சுட்டாயிற்று.

இழையில் "இனி அந்த நாட்டுக்கே போகக் கூடாது" என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். கோபம் எனக்கும் வந்தது. ஆனால் புறக்கணித்தால் அடி விழுவது யார்மேல் என்று பாருங்கள். 1996 சட்டத்துக்குப் பிறகு நமீபியாவில் கிராமத்துச் சமூகங்களே தங்கள் நிலத்தின் காட்டு விலங்குகளை நிர்வகித்து, வரும் வருமானத்தை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர்த் தொட்டியை உடைத்து, சோளக் கொல்லையை மிதித்துப் போகும் யானையோடு அவர்கள் வாழ ஒத்துக்கொள்வதற்கு அந்த வருமானம் ஒரு காரணம். நாம் போகாமல் நின்றால் யானையால் அவர்களுக்கு மிஞ்சுவது நஷ்டம் மட்டும். போட்ஸ்வானாவில் 1,30,000 யானைகள் இருக்கின்றன என்று இங்கிருந்து பெருமையாகச் சொல்கிறோம், அத்தனைக்கும் பக்கத்தில் விவசாயம் செய்கிறவர் நாமில்லை.

அதே சமயம் யானைகளைச் சுடுவதை வறட்சி நிவாரணக் கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதில்லை. பசிக்குத் தானியம் கொடுக்க வழி இருக்கிறது, உலகமும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து என் பெயரில் வாதாட வேண்டாம்.

8 செப்டம்பர் 2024

போன குறிப்புக்கு வந்த பதில்களில் ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: நாம் கொடுக்கும் பணம் உள்ளூருக்குப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகாமின் நிலம் யாருடையது என்று கேளுங்கள். குவையில் கிராமத்து அறக்கட்டளை நடத்தும் முகாம் இடங்கள் உண்டு. மோரெமியே 1963இல் பட்டவானா மக்கள் தங்கள் நிலத்தில் தாங்களே முடிவெடுத்து ஏற்படுத்திய காப்பகம். வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுக்கும்போது சமையல்காரரையும் மொகோரோ தள்ளியவரையும் தனித்தனியாகக் கவனியுங்கள், பொதுப் பெட்டியில் போட்டால் அவர்களுக்கு வந்து சேர்வது குறைவு.

22 செப்டம்பர் 2024

அடுத்த வருடம் செப்டம்பருக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. முன்பணம் அனுப்பும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: செஸ்ரியத்தில் படுக்கை வாசலுக்கு உள்ளேயா. எட்டோஷாவில் ஒகாகுயோவில் தங்கலா, வெளியிலா. மோரெமியில் முகாம் பூங்காவுக்கு உள்ளேயா. ஜீப்பில் ஆளுக்கு ஒரு ஜன்னல் ஓரமா. வழிகாட்டி எந்த ஊர்க்காரர், அந்தப் பகுதியில் எத்தனை வருடம். அப்பாவுக்குக் கட்டில் உண்டா, சைவச் சாப்பாடு சமையல்காரருக்கே சொல்லப்பட்டதா. கடைசி இரண்டுக்கும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் போட்டால் அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கல் வருகிறதா என்று கவனியுங்கள், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள்.